வாயில்லாத மொழிக்கு ஒரு வெள்ளி நாக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
கார்த்திகை மாதம், 1977.

கடல் கடந்து குளிரில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை தர்மன் அவர்களுக்கு, தாலுக்கா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனும் தங்கள் மாமனாருமாகிய கோதண்டபாணி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் மாமியார் பொன்னியம்மாள், தங்கள் மனைவி காந்தா ஆகிய மூவரும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் அப்படியே இருப்பதாக நம்புகிறோம். நம்புகிறோம் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், தாங்கள் கடைசியாகப் போட்ட கடிதத்தில் கம்ப்யூட்டரின் சௌக்கியம் பக்கம் பக்கமாக இருந்தது. தங்கள் சௌக்கியம் பற்றி ஒரு வரி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தாலிக்கயிற்றின் மஞ்சள் காய்வதற்குள் தாங்கள் மேல்படிப்புக்காக ஸ்காட்லாந்துக்கு விமானம் ஏறினீர்கள். ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆறு மாசத்துல காந்தாவை இட்டுக்கிறேன் மாமா” என்று சொன்னீர்கள். ஆறு மாதம் என்பதைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு இது மூன்றாவது கார்த்திகை. ஆகவேதான் போன ஆவணியில் நான் எழுதிய கடிதத்தில் வேறு எந்தப் பேச்சும் வைக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: காந்தாவை எப்போது அழைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? அதற்குத் தாங்கள் அனுப்பிய பதில், ஃபங்ஷனல் மொழிகள் என்கிற கம்ப்யூட்டர் மொழிகளில் இன்புட்டும் அவுட்புட்டும், அதாவது வெளியிலிருந்து கேட்பதும் வெளியே சொல்வதும், வந்த வரலாறு. அந்தச் சிக்கல் தீர்ந்தால்தான் தங்கள் ஆராய்ச்சி முடியும், ஆராய்ச்சி முடிந்தால்தான் வேலை, வேலை வந்தால்தான் காந்தா என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதாவது என் பெண்ணின் வாழ்க்கை இன்புட்டிலும் அவுட்புட்டிலும் மாட்டிக்கொண்டிருக்கிறது. சரி, எதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றாவது தெரிந்துகொள்வோம் என்று, ஏரிப் பாசனத் தகராறு ஃபைல்களுக்கெல்லாம் குறிப்பு எழுதிப் பழகிய நான், தங்கள் கடிதத்தைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்தேன்.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்தவும். ஃபங்ஷன் என்பது ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தரும் கணக்கு. ஐந்தைக் கொடுத்தால் இருபத்தைந்து தரும் என்றால் இன்றைக்கும் இருபத்தைந்துதான், கருட சேவையன்றும் இருபத்தைந்துதான். அதற்கு வெளியுலகம் தெரியாது. நடுவில் யாரையும் ஒரு வார்த்தை கேட்காது. ஏனென்றால் இன்றைக்குக் கேட்டால் ஒரு பதிலும் நாளைக்குக் கேட்டால் வேறு பதிலும் வரும், அப்படி வந்துவிட்டால் அதே கொடுப்புக்கு அதே விடை என்கிற கற்பு போய்விடும். வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாது. சொல்வது ஒரு காரியம், அதன் வேலை கணக்கு மட்டும். இப்படிக் காதும் வாயும் இல்லாத ஃபங்ஷன்களையே கோத்து ஒரு மொழி செய்தால் அது சுத்தமாக இருக்கும், தப்புக் கண்டுபிடிப்பது சுலபம் என்று எழுதியிருந்தீர்கள். சுத்தமாகத்தான் இருக்கும். யாரும் குடியிருக்காத வீடு எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

சுத்தமாக இருந்து என்ன செய்வது, விடையை யாரிடமாவது சொல்ல வேண்டாமா என்ற சங்கடம் வரவே, அமெரிக்காவில் ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன்னால் லிஸ்ப் என்ற மொழியைச் செய்தவர்கள், வாசிப்பதற்கு ஒரு ஃபங்ஷன், அச்சடிப்பதற்கு ஒரு ஃபங்ஷன் என்று பெயர் சூட்டி உள்ளே விட்டுவிட்டார்களாம். பெயர்தான் ஃபங்ஷன், நடத்தை வேறு. அச்சடிக்கிற ஃபங்ஷனும் கடமைக்கு ஒரு விடையைத் திருப்பித் தருகிறது. அந்த விடையை யாரும் சட்டை செய்வதில்லை. போகிற போக்கில் அது செய்த காரியம்தான் எல்லோருக்கும் வேண்டும். இதற்குப் பக்க விளைவு என்று பெயர் கொடுத்து அரைப் பக்கம் விளக்கியிருந்தீர்கள். அந்த அரைப் பக்கத்தைத் தாங்கள் மிச்சப்படுத்தியிருக்கலாம். தங்கள் மாமியாரைக் கடைக்கு அனுப்பினால் காப்பித்தூள் வருகிறது. அது விடை. போகிற வழியில் நம் வீட்டு விஷயம் ஒவ்வொரு தறிக்கும் போய்ச் சேருகிறது. அது பக்க விளைவு.

இந்த முறை போய்ச் சேர்ந்த விஷயம் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் கடிதம் வந்த அன்று அவள் அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “இன்னாங்க, மாப்பிள்ளை இன்னா எழுதியிருக்காரு? காந்தாவை இட்டுக்கினு போறாராமா?”

நான் பொறுமையாக, ஒரு ஃபைலை மேலதிகாரிக்கு விளக்குவது போல விளக்கினேன். “இல்லை. அவரு ஒரு மொழியில வேலை செஞ்சிக்கினு இருக்காரு. அந்த மொழி கணக்கெல்லாம் நல்லாப் போடுது. ஆனா அந்த மொழிக்குக் காது இல்லை, வாய் இல்லை. அதுக்கு வழி கண்டுபுடிச்சதும் கூப்புடுவாரு.”

“மொழின்னா வாயில தானங்க இருக்கணும்? அதுக்கே வாய் இல்லன்னா இன்னா மொழி அது?” என்றாள். தங்கள் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதில் இதற்குப் பதில் இல்லை. காப்பித்தூள் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன். அதுதான் நான் செய்த காரியம்.

அவள் தெருமுனையில் சொன்னபோது மொழிக்கு வாயில்லை என்றுதான் சொன்னாளாம், சத்தியம் செய்கிறாள். ஜரிகைக் கடை காஜா பாயின் வாசலுக்குப் போனபோது அது, குளிரில் மாப்பிள்ளைக்குக் காது அடைத்துக்கொண்டது என்று ஆகியிருந்தது. காஜா பாய் நல்ல மனுஷர், பக்கத்துக் கடைக்காரரிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அங்கே பட்டு வாங்க வந்திருந்த, தங்கள் ஊரான திருப்புட்குழி ஆள் ஒருவர் அதைப் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போய், தங்கள் தாயார் அங்கம்மாளிடம் சேர்ப்பித்தபோது, தர்மனுக்குக் காதும் கேட்கவில்லை, பேச்சும் நின்றுவிட்டது, சம்பந்தி வீட்டார் மூடி மறைக்கிறார்கள் என்று முழுதாக வந்து நின்றிருக்கிறது. மறுநாள் காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு. தங்கள் தாயார் தலையில் அடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“எங்கிட்ட மறைச்சிட்டீங்களே அண்ணே! எம் புள்ளைக்குப் பேச்சு நின்னு போச்சாமே!”

நான் சோப்பைக்கூடத் துடைக்காமல் தங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். “இங்க பாரும்மா, எவ்ளோ பக்கம் எழுதியிருக்காரு பாரு. பேச்சு நின்ன ஆளு இப்படி எழுதுவாரா?”

“பேச்சு வந்தா எதுக்குண்ணே இவ்ளோ எழுதறான்?” என்று கேட்டாரே பார்க்கலாம். அதோடு விடவில்லை. “நல்லா இருக்கிற புள்ளை, கட்டின பொண்டாட்டியை மூணு வருசமா இட்டுக்காம இருப்பானா? அவனுக்கு உடம்புல எதுவோ ஆயிட்டிருக்குது. அதைச் சொல்ல மாட்டாம கணக்கா எழுதித் தள்றான்.”

மாப்பிள்ளை, நான் முப்பது வருஷம் சாட்சிகளின் வாக்குமூலம் படித்தவன். இதில் ஓட்டை எங்கே என்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. தங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால்தான் தங்கள் நடத்தைக்கு அர்த்தம் வருகிறது. உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் அர்த்தம் சொல்ல வேண்டிய பொறுப்பு தங்கள் மாமனாரான என்னிடம் வந்து விழுகிறது. ஆகவே நான் வரலாற்றின் அடுத்த பகுதிக்குப் போனேன். இங்கிலாந்தில் ஒரு பெரிய படிப்பாளி 1965 வாக்கில் சொன்ன யோசனை அது. வெளியிலிருந்து வரப்போகிற எல்லாவற்றையும் ஒரே நீளமான வரிசையாக நினைத்துக்கொள்வது. வரிசையின் முதல் ஆள் மட்டும் கையில் இருப்பார், மீதிப் பேர் தேவைப்படும்போது ஒவ்வொருவராக வருவார்கள். ஸ்ட்ரீம் என்று பெயர். இப்படி நினைத்துக்கொண்டால் கேட்பது என்கிற காரியமே இல்லை, வரிசை ஏற்கெனவே கையில் இருக்கிற மாதிரிதான். தங்கள் தாயார் பயிர் வைக்கிற குடும்பம் ஆயிற்றே என்று, “வாய்க்கால்ல தண்ணி வர்ற மாதிரிம்மா. ஏரித் தண்ணி மொத்தமும் நம்முதுதான். ஆனா மடை தொறந்தா நம்ம கழனிக்கு வேணுங்கிறது மட்டும் வரும், மீதி பின்னாடியே வரும்” என்று சொன்னேன்.

“எங்க வாய்க்கால்ல தண்ணி வந்து எத்தினி வருசம் ஆச்சு தெரியுமாண்ணே?” என்று கேட்டு, மறுபடி அழ ஆரம்பித்தார். பொன்னியம்மாளும் சேர்ந்து அழுதாள். அவளுக்கு எதற்காக அழுகிறோம் என்று தெரியாது. சம்பந்தி அழும்போது சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று அழுதாள். நான் பாதிச் சவரத்தோடு ஸ்ட்ரீம் பற்றிப் பேசிக்கொண்டு நின்றேன்.

காந்தா மட்டும் அழவில்லை. பி.யு.சி.யில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவள் அல்லவா, நான் நாள் கணக்கில் படித்த தங்கள் கடிதத்தை அவள் ஒரு வேளை சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு மடித்து வைத்தாள். தாங்கள் இப்போது வேலை செய்கிற மொழியைப் பற்றிய பகுதி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம். அதில் இதைச் செய், அதைச் செய் என்கிற கட்டளையே கிடையாதாம். எழுதுவதெல்லாம் இது இதற்குச் சமம் என்கிற சமன்பாடுகள். கடைசியில் முழு ப்ரோக்ராமும் ஒரே ஒரு விடை, அதை மெஷின் அச்சடித்துவிட்டு எழுந்து போய்விடும். அந்த விடையிலும் யாராவது கேட்கிற பாகத்தை மட்டும் கணக்கிடும், கேட்காத பாகத்தைத் தொடவே தொடாது. சோம்பேறித்தனம் என்று அந்த ஊர்க்காரர்களே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெயர் வைத்தவர்களுக்கு என் நமஸ்காரம்.

“நைனா, அவரு மேல தப்பில்லை,” என்றாள் காந்தா. “கேட்டாத்தான் குடுக்கும், கேக்கலைன்னா அப்படியே வெச்சிருக்கும், அதான் அந்த மொழி. அதுலயே ராப்பகலா இருந்து அவரும் அப்படியே ஆயிட்டாரு.”

“நாமதான் மூணு வருசமா கேட்டுக்கினே இருக்கோமேம்மா!”

“லெட்டர்ல கேட்டா அது கேட்டதா நைனா? லெட்டருக்கு லெட்டர்தான் வரும்.” இப்படிச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். பெண் குழந்தைகளைக் கணக்குப் படிக்க வைப்பதில் இருக்கிற கஷ்டம் இது.

தங்கள் கடிதத்தில் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேடிக்கை என்று இரண்டு விஷயம் எழுதியிருந்தீர்கள். ஆள் வந்து உட்கார்ந்ததும் பெயர் என்ன என்று கேட்டு, பெயர் சொன்ன பிறகு நன்றி சொல்லும்படி ஒரு ப்ரோக்ராம் எழுதினீர்களாம். அது பெயரைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதே மூச்சில் நன்றியும் சொல்லிவிட்டதாம். நன்றி என்று சொல்வதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே என்பது அதன் நியாயமாம். அதைத் திருத்தி எழுதினால், ஆள் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேள்வியைக் கேட்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதாம். கேள்வி வரட்டும் என்று ஆளும், பதில் வரட்டும் என்று மெஷினும், டீ வேளை தாண்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதிப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கூப்பிடட்டும் என்று இங்கே ஒருத்தி, வேலை முடியட்டும் என்று அங்கே ஒருவர். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நானும் ஒரு ஃபங்ஷனாக நடந்துகொள்வது என்று தீர்மானித்தேன். ஊரில் யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்: “மாப்பிள்ளை கூப்புடுவாரு.” பால்காரர் கேட்டாலும் அதே, பென்ஷன் ஆபீசில் கேட்டாலும் அதே. வெளியுலகத்தைப் பார்க்காமல், யார் முகத்தையும் நிமிர்ந்து நோக்காமல், கேள்வியைக் கொடுத்தால் பதில். சில நாளில் கேள்வி வராமலே பதில் வர ஆரம்பித்தது. காந்தா ஒரு நாள், “நைனா, சாப்புட வாங்க,” என்றதற்கு, “மாப்பிள்ளை கூப்புடுவாரு,” என்றேன். அவள் இலையைப் போட்டாள். தங்கள் மொழியைச் சாப்பாட்டு நேரத்தில் கடைப்பிடிக்க முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

இதற்குள் தங்கள் தாயார் வேண்டுதல் வைத்துவிட்டார். தங்களுக்குத் தெரியாததா, நம் ஊர்க் கச்சபேஸ்வரர் கோயிலில் கார்த்திகை ஞாயிறு என்றால் தலைவலி, காதுவலி, காது கேளாமை எல்லாவற்றுக்கும் புதுச் சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துப் பிராகாரம் சுற்றுவார்கள். காதுக்கு அது. நாக்குக்கு, வெள்ளியில் ஒரு நாக்கு செய்து உண்டியலில் போடுவது. தட்டாரிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அவர், நாக்கு என்ன அளவில் வேண்டும் என்று கேட்டார். “எம் புள்ளை இஸ்கூல்ல பேச்சுப் போட்டியில கப்பு வாங்கினவம்பா, நல்லாப் பெருசாவே அடி,” என்றார் தங்கள் தாயார். அடித்துக்கொடுத்த நாக்கைப் பார்த்தேன். மீன் வடிவத்தில் ஒரு வெற்றிலை அளவுக்கு இருந்தது. தாங்கள் இத்தனை வருஷமாக ஒரு அவுட்புட்டுக்குப் படாத பாடு படுகிறீர்கள். தட்டார் அரை நாளில் செய்து கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விளக்கைக் காந்தா எடுப்பாள் என்று நான் கோயில் குளக்கரையில் நின்றிருந்தேன். தங்கள் தாயார் என்னைப் பார்த்து, “ஆம்பளை சைடுல அவங்கப்பா எடுக்கணும்ணே. அவருதான் போய்ச் சேந்துட்டாரே. இனிமே எம் புள்ளைக்கு அப்பான்னா நீங்கதானே,” என்றார். நான் பகுத்தறிவுக் கூட்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அப்பா என்று ஒரு அம்மாள் சொன்ன பிறகு சட்டையைக் கழற்றினேன். வழுக்கைத் தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் சட்டி, சட்டியில் மாவிளக்கு, விளக்கில் நெய், மேலே நெருப்பு. முன்னால் காந்தா ஒரு விளக்கோடு போகிறாள். பின்னால் நான். காந்தாவின் சட்டி ஆடவில்லை. என்னுடையது மூலைக்கு மூலை ஆடி, சூடான நெய் ஒரு சொட்டு காதுமடலில் விழுந்தது. இன்புட் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்கு அனுபவபூர்வமாகத் தெரிந்தது.

வெளியே வந்தால் காஜா பாய் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். என் தலையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

“இன்னா அண்ணே, நீங்களா? யாருக்குக் காது?”

“ஒரு மொழிக்கு,” என்றேன். உள்ளதைச் சொன்னேன்.

அவர் என் தோளைத் தொட்டு, ரொம்ப மெதுவாக, “வீட்டுக்குப் போய்ப் படுங்கண்ணே. நான் தர்காவுல உங்களுக்கும் சேத்து துவா கேக்கறேன்,” என்றார். இப்போது தெருவில் எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பேச்சு. மாப்பிள்ளைக்குக் காது போயிற்று, மாமனாருக்குப் புத்தி போயிற்று என்று பொருத்தம் பார்த்துப் பேசுகிறார்களாம். பென்ஷன் வாங்கப் போனால் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

இவ்வளவையும் தங்களிடம் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை அறிக்கையாகக் கொடுக்கிறேன். தங்கள் வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: லிஸ்ப்காரர்கள் சுத்தம் கெட்டாலும் பரவாயில்லை என்று பேசிவிட்டார்கள், இங்கிலாந்துக்காரர் பேச்சையே ஒரு வரிசையாக்கிச் சுத்தத்தைக் காப்பாற்றினார், தாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பரிசுத்தமான மொழியைச் செய்துவைத்துக்கொண்டு, இதை எப்படி வாய் திறக்க வைப்பது என்று சுற்றி உட்கார்ந்திருக்கிறீர்கள். செய்யும்போதே வாய் வைத்துச் செய்திருக்கலாமே என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மாமனார் என்ற யோக்கியதையில் எனது முடிவைக் கீழ்க்கண்டவாறு தெரிவித்துக்கொள்கிறேன். வருகிற சித்திரைக்குள் தாங்கள் நேரில் வந்து காந்தாவை முறைப்படி அழைத்துப் போக வேண்டியது. அல்லது, வா என்ற ஒரே எழுத்தையாவது தங்கள் கைப்பட எழுதி அனுப்ப வேண்டியது. இரண்டில் ஒன்று நடக்கிற வரைக்கும் காந்தா இந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட மாட்டாள். கூப்பிடாத இடத்துக்கு என் பெண் போக மாட்டாள். இதை எத்தனை முறை, யார் கேட்டாலும், எந்தக் கிழமையில் கேட்டாலும் என் பதில் இதுவேதான். இந்த வீட்டில் என் சொல்லைத் தாண்டி ஒன்றும் நடந்தது இல்லை என்பது தாங்கள் அறிந்ததே.

தங்கள் குருமார்களுக்கு என் வணக்கத்தையும், கம்ப்யூட்டருக்கு என் அனுதாபத்தையும் தெரிவிக்கவும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும். தாங்கள் நோய்நொடியின்றி, கேட்கிற காதோடும் பேசுகிற வாயோடும் பல்லாண்டு வாழ ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் பாரபட்சமில்லாமல் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாமனார்,
கோ. கோதண்டபாணி,
ஹெட் கிளார்க் (ஓய்வு).

பி.கு.: இதை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கேட்டேன். பொன்னியம்மாள் பருக்கையோடு வந்து நின்றாள். “இன்னா எழுதியிருக்கீங்க?” என்றாள். வாசற்படியைத் தாண்ட மாட்டாள் என்ற இடம் வரைக்கும் படித்துக் காட்டினேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

மாப்பிள்ளை, காந்தா போய்விட்டாள். வேண்டுதல் முடிந்து மாமியாரோடு திருப்புட்குழிக்குப் போயிருக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு நின்ன புள்ளையை யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா என்று உங்கள் அம்மா கறவை மாடுகளை விற்றுக் காந்தாவுக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கிறார். உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று காந்தா அவரிடம் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லையாம். கல்யாணமான புதிதில் எடுத்த பாஸ்போர்ட்டைப் பீரோவில் தேடினேன், இல்லை. மீனம்பாக்கத்துக்கு அழைத்துப்போய் விட்டுவிட்டு வந்தவர் காஜா பாய். இவ்வளவும் வீட்டிலும் தெருவிலும் எல்லோருக்கும் தெரியும். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டால், “சொன்னா நீங்க ஃபைல் போட்டிருப்பீங்க,” என்கிறாள் உங்கள் மாமியார். உங்களுக்குத் தந்திகூடக் கொடுக்க வேண்டாம் என்றிருக்கிறாள் காந்தா. “தந்தி குடுத்தா ஏதாச்சும் வரலாறு எழுதுவாரு. நேரா போய் நின்னு கேக்கறேன்,” என்றாளாம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது, எப்போது அழைத்துக்கொள்வீர்கள் என்று நான் கேட்கிற பெண் உங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருப்பாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் அவள் படித்துச் சிரிப்பாள் என்று அனுப்புகிறேன்.

அவள் கிளம்பிய அன்று காலையில் நான் இந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வந்து காலில் விழுந்தாள். திருப்புட்குழி வரைக்கும் போகிறவள் எதற்கு விழுகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தலையைத் தூக்காமலே, “நல்லா இரும்மா, எழுதறதைக் கெடுக்காத,” என்று சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தாள் போலிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அங்கே பனி கொட்டும் என்கிறார்கள். அவள் கொண்டுபோன பெட்டியில் இருப்பதெல்லாம் பட்டும் நூலும்தான். உங்களை நேரில் கேட்கக் கடல் தாண்டி வருகிறவள், குளிருது, ஒரு கம்பளி வேணும் என்று மட்டும் வாயைத் திறந்து கேட்க மாட்டாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கேட்காமலே வாங்கிக் கொடுங்கள் மாப்பிள்ளை.